புது பேட்டரி வாங்குமுன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

உழவு மும்முரமாக நடக்கும் நாட்களில் காலை ஐந்து மணிக்கு டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. செல்ப் எடுக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் "பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்கிறார். கடைக்காரரும் அதையே சொல்கிறார். ஆறேழாயிரம் ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி வாங்கிப் பொருத்தியதும் செல்ப் நன்றாக எடுக்கிறது. மனம் நிம்மதியடைகிறது. இருபது, இருபத்தைந்து நாள் கழித்து மறுபடியும் அதே 'டக்'.

பேட்டரியை வீட்டிலுள்ள நெல் குதிருக்கு ஒப்பிடலாம். குதிர் காலியாக இருந்தால் குதிரில்தான் ஓட்டை என்று உடனே முடிவு செய்துவிட மாட்டோம். களத்திலிருந்து நெல் வந்து கொட்டப்பட்டதா என்று முதலில் கேட்போம். டிராக்டரில் மின்சாரத்தைக் கொண்டுவந்து கொட்டும் வேலையைச் செய்வது ஆல்டர்னேட்டர். அது சரியாகக் கொட்டவில்லை என்றால் எத்தனை புது பேட்டரி வாங்கினாலும் ஒரு மாதத்திற்குள் காலியாகிவிடும்.

தஞ்சை மாவட்டத்தில் வாடகைக்கு உழவு ஓட்டும் ஒரு விவசாயியின் டிராக்டரைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்க்க நேர்ந்தது. பழைய டிராக்டர், கடன் வாங்கி வாங்கியது. பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார். இடையில் ஆல்டர்னேட்டரையும் கழற்றிக் கொண்டுபோய்க் காயில் கட்டி வந்திருந்தார். குறுவைச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்த வாரம் அது. மூன்றாவது பேட்டரி வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய டிராக்டரில் உண்மையில் என்ன கோளாறு இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைக் கண்டுபிடிக்கப் பிடித்த நேரம் கால் மணிதான்.

கோளாறு ஏன் மறைந்திருக்கிறது?

பெட்ரோல் காரில் சார்ஜ் ஏறவில்லை என்றால் சீக்கிரமே தெரிந்துவிடும். பிளக்கில் பொறி வருவதற்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி இறங்கியதும் வண்டி வழியிலேயே நின்றுவிடும். டீசல் டிராக்டர் அப்படியல்ல. சாதாரண பம்பு உள்ள டீசல் இன்ஜின் ஒரு முறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரமே தேவையில்லை. ஆல்டர்னேட்டர் அடியோடு வேலை செய்யாவிட்டாலும் நாள் முழுதும் உழுதுகொண்டிருக்கும். விவசாயிக்கு எந்தச் சந்தேகமும் எழாது.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். செல்ப் மோட்டார் ஒரு முறை சுற்றும்போது சுமார் 250 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விநாடி சுற்றினால் செலவாவது ஏறக்குறைய 0.35 ஆம்பியர்-மணி. 75 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரிக்கு இது மிகச் சிறிய தொகை. நல்ல ஆல்டர்னேட்டர் இதை ஒன்றிரண்டு நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிடும். திருப்பிப் போடவில்லை என்றால், நாளைக்கு நான்கு முறை ஸ்டார்ட் செய்பவருக்குத் தினம் சுமார் ஒன்றரை ஆம்பியர்-மணி குறைந்துகொண்டே வரும். பாதி பேட்டரி காலியாக மூன்று வாரத்திற்கு மேல் ஆகும். புது பேட்டரி போட்டவுடன் 'சரியாகிவிட்டது' என்று தோன்றுவதும், ஒரு மாதத்திற்குள் மறுபடி தகராறு செய்வதும் இதனால்தான். இரவில் விளக்குப் போட்டு ஓட்டுபவருக்கு இந்த அவகாசமும் கிடையாது. இரண்டு முன்விளக்குகளும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். ஒரே இரவில் கணக்கு முடிந்துவிடும். கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு விளக்கையும் பாட்டுப் பெட்டியையும் ஓடவிடும் ஓட்டுநர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

புதிய டிராக்டர்களில் நிலைமை மாறிவருகிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துள்ளன. அவற்றில் பலவற்றில் டீசலைப் பீய்ச்சும் முறையே மின்னணு முறையாகிவிட்டது. அத்தகைய டிராக்டர் காரைப் போலவே மின்சாரம் குறைந்தால் நின்றுவிடும். நம் பகுதியில் சிறு விவசாயிகளிடம் உள்ளவை பெரும்பாலும் பழைய முறை டிராக்டர்களே என்பதால் அவற்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். கார், லோடு வேன் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்லும் சோதனைகள் பொருந்தும். மிகப் புதிய சில கார்களில் மட்டும் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் மீட்டர் அளவு சற்று ஏறி இறங்கிக் காட்டினால் உடனே பயப்பட வேண்டியதில்லை.

டைனமோ வேறு, ஆல்டர்னேட்டர் வேறு

முன்பு வண்டிகளில் டைனமோ இருந்தது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது சார்ஜ் கொடுக்காது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தத் தொடங்கியது. பிறகு மற்ற வண்டிகளுக்கும் டிராக்டர்களுக்கும் அது பரவியது. ஆல்டர்னேட்டர் மெதுவான ஓட்டத்திலும் ஓரளவு சார்ஜ் கொடுக்கும், எடையும் குறைவு. ஆனால் அதற்குள்ளே டயோடு என்னும் சிறு சிறு உறுப்புகள் இருக்கின்றன. மாறுதிசை மின்சாரத்தை ஒரே திசை மின்சாரமாக மாற்றுவது அவைதான். அவை மிகவும் மென்மையானவை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. 'விளக்கு அணையாமல் எரிந்தால் சார்ஜ் வருகிறது' என்பார்கள். இது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இதைச் செய்தால், பேட்டரியில் போய்ச் சேரவேண்டிய மின்சாரம் போக வழியில்லாமல் வோல்ட் அளவு ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். டயோடும் ரெகுலேட்டரும் கருகிவிடும். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர் அந்தச் சோதனையாலேயே கெட்டுப்போகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் நடந்த பயிற்சியில், முப்பது பேர் சூழ்ந்து நிற்க, ஒரு விவசாயியின் டிராக்டரில் நானே கேபிளைக் கழற்றிக் காட்டினேன். மூத்த மெக்கானிக் ஒருவர் செய்ததைப் பார்த்துக் கற்ற வித்தை அது. விளக்கு ஒரு கணம் பளீரென்று எரிந்து அணைந்தது. அதன் பிறகு அந்த டிராக்டரில் சார்ஜ் ஏறவேயில்லை. பழுது பார்க்க ஆன செலவை நான் கொடுத்தேன். அந்த விவசாயி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அவருக்கு இரண்டு நாள் உழவு போயிற்று. அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆகையால் யார் சொன்னாலும், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளில் கை வைக்க விடாதீர்கள்.

மீட்டர் இல்லாமல் பார்க்கக்கூடியவை

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு பேன் பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்க வேண்டும். சரியான அளவு உங்கள் டிராக்டரின் கையேட்டில் இருக்கும். அதிகமாக அமுங்கினால் பெல்ட் வழுக்கும்; ஆல்டர்னேட்டர் சரியான வேகத்தில் சுற்றாது. பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பாகிவிட்டிருந்தால் இறுக்கியும் பயனில்லை, மாற்றவேண்டும். விளக்குப் போட்டவுடன் அல்லது ஸ்டார்ட் செய்தவுடன் 'கிரீச்' என்று கேட்கும் சத்தம் வழுக்கும் பெல்ட்டின் குரல். அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறு. ஆல்டர்னேட்டரின் பேரிங் போய்விடும். பல டிராக்டர்களில் இதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது என்பதால் பெல்ட்டைக் கவனிக்காதவருக்கு இன்ஜினும் சூடேறும்.

அடுத்து டேஷ்போர்டிலுள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு. இதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடுமுன், இந்த விளக்கு எரியவேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் வரவில்லை. மங்கலாக எரிந்தால் அரைகுறையாக வருகிறது, டயோடு கெட்டிருக்கலாம். சாவியைத் திருப்பும்போது எரியவே இல்லை என்றால் 'நல்லது, தொந்தரவு இல்லை' என்று நினைத்துவிடக்கூடாது. பல்பு போயிருக்கும் அல்லது ஒயர் அறுந்திருக்கும். பல ஆல்டர்னேட்டர்களில் அந்தச் சிறு பல்பின் வழியாகத்தான் முதல் மின்சாரம் உள்ளே சென்று காந்தத்தை எழுப்புகிறது. பத்து, இருபது ரூபாய் பல்பு போனால் ஆல்டர்னேட்டரே விழிக்காமல் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய டிராக்டர் வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்கவேண்டும். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை மறைக்க பல்பையே கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு.

சில டிராக்டர்களில் விளக்குக்குப் பதில் ஆம்பியர் மீட்டர் இருக்கும். ஸ்டார்ட் ஆனதும் முள் கூட்டல் பக்கம் நன்றாகச் சாய்ந்து, பிறகு மெல்ல மெல்ல நடுவுக்கு வரவேண்டும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு முள் நடுவிலேயே நிற்பதைப் பார்த்து 'சார்ஜ் ஏறவில்லை' என்று பயந்து வருபவர்கள் இருக்கிறார்கள். அது கோளாறல்ல. குதிர் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். முன்விளக்கைப் போட்டதும் முள் கழித்தல் பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

முன்விளக்கை வைத்தும் ஓரளவு சொல்லலாம். மாலை மங்கியபின் சுவரைப் பார்க்க டிராக்டரை நிறுத்தி, இன்ஜின் ஓடாமல் மூன்று நிமிடம் முன்விளக்கை எரியவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை உயர்த்துங்கள். சுவரில் விழும் ஒளி தெளிவாகக் கூடினால் சார்ஜ் வருகிறது. எல்.இ.டி. விளக்கு மாட்டியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரியும்.

இன்னொன்று, திருப்புளிச் சோதனை. இன்ஜின் ஓடாத நிலையில் சாவியை மட்டும் திருப்பிவிட்டு, இரும்புத் திருப்புளியை ஆல்டர்னேட்டரின் பின்பக்கம், பேரிங் இருக்கும் நடுப்பகுதிக்கு அருகில் கொண்டுபோங்கள். பின்பக்கமுள்ள ஒயர் முனைகளில் திருப்புளி படாமல் பார்த்துக்கொள்ளவும். காந்தம்போல் இழுத்தால் உள்சுற்றுக்கு மின்சாரம் போகிறது. இழுக்கவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், மேலே சொன்ன பல்பு போயிருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். எல்லா வகை ஆல்டர்னேட்டரிலும் இந்த இழுப்பு சாவியைத் திருப்பியதும் வராது என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

மல்டிமீட்டர் சொல்வது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை டிராக்டர் வைத்திருப்பவர்கள் வீட்டில் வாங்கி வைப்பது நலம். பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்கவும் உதவுமே என்று சிலர் கேட்பார்கள். மின்வாரிய மின்சாரத்தில் கை வைப்பது வேறு விஷயம். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பேட்டரியின் 12 வோல்ட் ஷாக் அடிக்காது.

மீட்டரின் குமிழை நேர்மின்சாரப் பகுதியில் 20 வோல்ட் என்ற எண்ணுக்குத் திருப்பவும். கறுப்பு ஒயரைப் பொதுத் துளையிலும் சிவப்பு ஒயரை வோல்ட் துளையிலும் செருகவும். 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் சிவப்பு ஒயரைச் செருகிப் பேட்டரியில் வைத்தால் அது பேட்டரியை ஷார்ட் செய்வதற்குச் சமம், பொறி பறக்கும்.

முதல் அளவைக் காலையில், டிராக்டரை எடுக்குமுன் பாருங்கள். பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே மீட்டர் முனைகளை வைக்கவேண்டும், கிளாம்பின் மேல் அல்ல. 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்பாகம்தான் மிச்சம். 'பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, பன்னிரண்டு காட்டுகிறதே' என்று திருப்திப்பட வேண்டாம். ஓடி நிறுத்தியவுடனே பார்த்தால் அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். இரவு முழுதும் ஓய்ந்திருந்தபின் பார்ப்பதே சரி.

பிறகு ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். அந்நேரம் அளவு இறங்கும். 9.5க்குக் கீழே போனால் பேட்டரி வலுவிழந்தது அல்லது இறங்கியது. 10.5க்கு மேலேயே நின்றும் செல்ப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கேபிளையோ செல்ப் மோட்டாரையோ பார்க்கவேண்டும்.

இனி முக்கியமான அளவு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கை ஆக்சிலேட்டரைச் சுமார் 1500 சுற்றுக்கு உயர்த்திவிட்டு, அதே கம்பங்களில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. இப்போது முன்விளக்கு, பின்விளக்கு எல்லாவற்றையும் போடுங்கள். அப்போதும் 13.5க்குக் கீழே இறங்கக்கூடாது. கோடை மதியத்தில், இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் அளவு இரண்டு மூன்று புள்ளி குறைவாக நிற்பது இயல்பே. ஓடும்போதும் 12.4, 12.3 என்றே காட்டி, நேரம் ஆக ஆக இறங்கினால் பேட்டரிக்கு ஒன்றும் வரவில்லை என்று பொருள்.

15 வோல்ட்டைத் தாண்டினால் அதுவும் நோய்தான். ரெகுலேட்டர் கெட்டுச் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறுகிறது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைவது, பேட்டரி தொடச் சூடாக இருப்பது, பக்கங்கள் உப்புவது, பல்புகள் அடிக்கடி போவது ஆகியவை இதன் அடையாளங்கள். வாரா வாரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உடனே இந்த அளவைப் பார்க்கவேண்டும்.

அந்தத் தஞ்சை டிராக்டர்

மேலே சொன்ன விவசாயியின் டிராக்டரில் 1500 சுற்றில் பேட்டரியில் 12.3 வோல்ட்தான் இருந்தது. ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னாலுள்ள தடித்த ஒயரின் முனையிலும், கறுப்பு முனையை ஆல்டர்னேட்டரின் உடலிலும் வைத்துப் பார்த்தபோது 14.6 காட்டியது. ஆல்டர்னேட்டர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. வழியில் எங்கோ இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது.

அதைத் தேடுவதற்கும் வழி உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, விளக்குகளைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் முனையிலும் மறுமுனையைப் பேட்டரியின் கூட்டல் கம்பத்திலும் வையுங்கள். அரைக்கால் வோல்ட், கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதேபோல் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் கழித்தல் கம்பத்துக்கும் இடையே பாருங்கள். அங்கும் அப்படியே. எந்தப் பக்கம் அதிகம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து ஒயரில்தான் தடை. அவருடைய டிராக்டரில் கூட்டல் பக்கம் சரியாக இருந்தது. எர்த் பக்கம் தகராறு. பேட்டரியிலிருந்து டிராக்டர் உடலுக்குப் போகும் எர்த் பட்டை, முந்தைய உரிமையாளர் அடித்த பெயின்ட்டின் மேல் முடுக்கப்பட்டிருந்தது. அடியில் பச்சைக் களிம்பு. சேற்றுழவில் இரும்புச் சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அதன்மேல் ஓராண்டாகப் படிந்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்தபின் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். மீட்டர் 14.2க்கு ஏறியது.

உப்புத்தாளின் விலை உங்களுக்குத் தெரியும். அவர் எடைக்குப் போட்ட இரண்டு பேட்டரிகளில் ஒன்றாவது நல்ல பேட்டரியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரே கணக்குப் போட்டுக்கொண்டுதான் நின்றார்.

சார்ஜ் ஏறியும் காலையில் இறங்கியிருந்தால்

ஓடும்போது 14 வோல்ட் இருக்கிறது, ஆனால் நிறுத்தி வைத்தால் மறுநாள் செல்ப் எடுக்கவில்லை என்றால், மின்சாரம் எங்கோ கசிகிறது. பிற்பாடு மாட்டிய பாட்டுப் பெட்டி, டிரெய்லருக்கு இழுத்த விளக்கு ஒயர் ஆகியவற்றின் மேல் முதலில் சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரியின் கழித்தல் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் இடையே ஒரு சிறு 12 வோல்ட் பல்பைச் சேருங்கள். பல்பு எரிந்தால் கசிவு உண்டு. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால், எந்தப் பியூஸை எடுத்ததும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எந்தப் பியூஸை எடுத்தும் அணையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். இரவெல்லாம் நின்ற டிராக்டரில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதற்கு நல்ல அடையாளம்.

கசிவும் இல்லை என்றால் பேட்டரியே முதுமையடைந்திருக்கலாம். மூடி திறக்கும் பேட்டரியானால் ஹைட்ராமீட்டர் வைத்து ஆறு அறைகளையும் பாருங்கள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளி அல்லது அதற்கு மேல் குறைவாக, உதாரணமாக மற்றவை 1.240 இருக்க அது 1.180 என்று காட்டினால், அந்த அறை போய்விட்டது. அப்போது புது பேட்டரி வாங்குவதில் தவறில்லை.

இறங்கிப்போன பேட்டரியை டிராக்டரில் மாட்டி ஓட்டியே நிறைத்துவிடலாம் என்று எண்ணுவதும் சரியல்ல. ஆல்டர்னேட்டர் நிறைந்த குதிரை நிறைவாக வைத்திருக்கத்தான் ஏற்றது. முழுக்க இறங்கிய பேட்டரி அதை மணிக்கணக்கில் சூடேற்றும். அடியோடு இறங்கியிருந்தால் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரமே கிடைக்காமல், தள்ளி ஸ்டார்ட் செய்த டிராக்டர் நாள் முழுதும் ஓடியும் சார்ஜ் ஏறாமல் இருக்கும். கடையில் கொடுத்து, 75 ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சுமார் 7 ஆம்பியர் வீதம் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். 'ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன்' என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்தானவை

செல்ப் எடுக்காதபோது கீழே இறங்கி நின்று, செல்ப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் திருப்புளியால் சேர்த்து ஸ்டார்ட் செய்யும் வழக்கம் இருக்கிறது. அவசரத்தில் கியர் விழுந்திருப்பதைக் கவனிக்க மாட்டோம். இருக்கையில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தால் தடுக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் இந்தக் குறுக்கு வழியில் வேலை செய்யாது. இன்ஜின் பிடித்ததும் டிராக்டர் முன்னே பாயும். செய்பவர் நிற்பதோ பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். உலகெங்கும் டிராக்டர் உயிர்ச்சேதங்களில் இது பழக்கமான ஒரு வகை. சார்ஜ் கோளாறைச் சரி செய்யாமல் நாளைக் கடத்தும் வீடுகளில்தான் இந்தப் பழக்கம் வேரூன்றுகிறது.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. கேபிளைக் கழற்றும்போது கழித்தல் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டவும். கூட்டல் கழித்தல் மாற்றி மாட்டினால் டயோடுகள் அந்தக் கணமே போகும். ஆசிட் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லவும். கொழுவையோ டிரெய்லர் கொக்கியையோ டிராக்டரிலேயே வைத்து வெல்டிங் செய்வதானால், இன்ஜினை நிறுத்திப் பேட்டரி கேபிள்கள் இரண்டையும் கழற்றிய பிறகே செய்யவேண்டும். டிராக்டரைக் கழுவும்போது பம்புத் தண்ணீரை ஆல்டர்னேட்டர் மேல் நேராகப் பீய்ச்சவேண்டாம்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகும்படி ஆனால், முதலில் கார்பன் பிரஷைப் பார்க்கச் சொல்லுங்கள். சேற்று நிலத்தில் ஓடும் டிராக்டரில் அதுதான் சீக்கிரம் தேயும், விலையும் குறைவு. மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்தியபின் பணம் கொடுக்குமுன், கடை வாசலிலேயே உங்கள் மீட்டரை வைத்து, விளக்குப் போட்டும் போடாமலும் இரண்டு அளவுகளையும் பார்த்து, தேதியுடன் டிராக்டர் கையேட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை 'டக்' என்று நின்றால் அந்த எண்களிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.